மாப்பிள்ளை ஷெட்

கோழிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருப்பவன் வீட்டில் உருப்படியாக ஒரு கத்தி கிடையாது என்று என் மனைவிக்கு வெகுநாள் குறை. நியாயமான குறைதான். உள்ளே டொக்கு டொக்கென்று கேட்கிறதே, அது அந்த மழுங்கல் கத்தியோடு அவள் மல்லுக்கட்டும் சத்தம். நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நாற்காலியில் மட்டும் ரொம்பச் சாயாதீர்கள். நல்ல நாற்காலிதான், ஆனால் முழு பாரத்தையும் வைத்தால் பின்வாங்கிவிடும். எங்கள் முதலாளி மாதிரி.

நாளை வழக்கு விசாரணைக்கு வருகிறது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரியே வீடு தேடி வந்து என் வாக்குமூலத்தை எழுதுகிறார் என்றால் அது எனக்குப் பெருமைதான். பத்திரிகைகளில் என்னைப் பற்றி வந்ததையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். ஒன்றில் "கூண்டுக்குள் விழித்த மனசாட்சி" என்று போட்டிருந்தார்கள். நுகர்வோர் சங்கம் ஒன்று எனக்குக் கேடயம் கொடுக்கப்போகிறது. அதில் தங்கள் தலைவர் பெயர் என் பெயரைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று தொலைபேசியில் கேட்டார்கள். இல்லை என்றேன். கேடயத்தின் அளவைச் சொன்னார்கள். வைப்பதற்கு எங்கள் வீட்டில் அலமாரி இல்லை.

மனசாட்சி என்கிற சொல்லை மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்தால் நல்லது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நான் தரக் கட்டுப்பாட்டு ஆள். கலப்படம் எனக்குப் பிடிக்காது.

முதலில் பவுடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பண்ணையில் ரயில் பெட்டி மாதிரி நீளநீளமாக ஷெட்டுகள். ஒவ்வொன்றிலும் கோழிகள் கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அப்படி அடைத்து வைத்தால் குஞ்சுகளுக்கு வயிறு போகும், காய்ச்சல் வரும், ஒன்றுக்கு வந்தால் ஷெட்டுக்கே வரும். அதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. வெள்ளையாக, மாவு மாதிரி இருக்கும். மலிவு. குடிதண்ணீர்த் தொட்டியில் கலந்துவிட்டால் கோழிகள் நிமிர்ந்துவிடும், சதையும் பிடிக்கும். ஷெட் ஆட்கள் அதைப் பவுடர் என்பார்கள். "மூணாவது ஷெட்டுக்குப் பவுடர் பூசியாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், என்னவோ பெண் பார்க்க வருகிற மாதிரி.

அதைச் சாப்பாட்டுக்கு வளர்க்கும் எதற்கும் கொடுக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், எழுதுவதற்காகச் சொல்கிறேன். மனிதர்களில் எங்கோ யாரோ ஒருவருக்கு அந்த மருந்து எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தையே வறளச் செய்துவிடும். யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. இவ்வளவுக்குக் கீழே போனால் பயமில்லை என்று யாராலும் கோடு கிழிக்க முடியவில்லை. அதனால் இறைச்சியில் துளிகூட இருக்கக் கூடாது என்பது சட்டம். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகலாம்.

எங்கள் முதலாளி ஆண்டு விழாவில் மேடையேறினால் கண்ணாடியைக் கழற்றிக் காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். "நம்ம கம்பெனிக் கோழியால இன்னிக்கு வரைக்கும் என் குடும்பத்துல ஒருத்தருக்கு ஒரு தும்மல் வந்திருக்குமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்" என்பார். கூட்டம் கை தட்டும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவர் குடும்பம் மொத்தமும் சுத்த சைவம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்கள் துறையிலிருந்து மாதிரி எடுக்க வரும்போதெல்லாம் பண்ணையே அமளிதுமளிப்படும். எந்த ஷெட்டில் பவுடரை நிறுத்தி எத்தனை நாளாயிற்று, எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று ஒரே ஓட்டம். இந்த ஒழுங்கீனம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். நுழைவாயிலை ஒட்டிச் சின்னதாக ஒரு ஷெட் கட்டுவோம். அதில் கோழிகளை விசாலமாக விடுவோம். வடிகட்டிய தண்ணீர், மின்விசிறி, நல்ல தீவனம், பவுடர் வாசனையே ஆகாது. பக்கத்தில் ஓர் அறை, அதில் சோபா. வருகிற அதிகாரி காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் ஷெட், அதற்குள் காலணியில் எச்சம் பட வாய்ப்பில்லை. மாதிரியைப் பண்ணையில் எடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எந்த ஷெட்டில் என்று சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் சோபா பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஷெட் ஆட்கள் அதற்கு மாப்பிள்ளை ஷெட் என்று பேர் வைத்துவிட்டார்கள். ராஜ உபசாரம் நடப்பதால். உள்ளே இருக்கும் கோழிகள் மாப்பிள்ளைகள். அவற்றைப் பார்த்துக்கொண்டவருக்கு மாமனார் என்று பட்டம். ஒல்லியான, சதா பீடி வாசம் அடிக்கும் மனிதர். "என்ன மாமனாரே, மாப்பிள்ளைக்கு இன்னிக்குக் கோவமா?" என்று யாராவது கேட்டால், "காலையில காப்பி லேட்டாயிருச்சு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்பார்.

வருடக்கணக்கில் உங்கள் ஆய்வகத்துக்குப் போனதெல்லாம் மாப்பிள்ளைகளின் ஈரலும் சதையும்தான். ஒருமுறைகூட முடிவு பிசகியதில்லை. அதை வைத்து எங்கள் பொட்டலங்களில் "பரிசோதித்து உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை முத்திரை அச்சடித்தார்கள். முத்திரைக்குக் கீழே யாராவது கையெழுத்திட்டால் நம்பிக்கை வரும் என்று விளம்பரக்காரர் சொன்னார். தரக் கட்டுப்பாட்டு மேலாளரின் கையெழுத்தைப் போடுவதென்று முடிவாயிற்று. முதலாளி என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் கம்பீரமா போடு" என்றார். ஒரு மாலை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து பழகினேன். என் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து தேர்வு செய்தாள். "அந்தக் கடைசி எழுத்தை நல்லா சுழிச்சு விடுப்பா, படம் எடுக்கற பாம்பு மாதிரி" என்றாள். அந்தச் சுழிதான் ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் குளிர்ப்பெட்டிகளிலும் வந்து உட்கார்ந்தது. கடைத்தெருவில் என் மனைவி நிமிர்ந்து நடப்பாள்.

என் வீட்டுக்கு வேண்டிய கோழியை நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளை ஷெட்டிலிருந்து எடுத்து வந்தேன். அதை நீங்கள் திருட்டு என்று எழுதினால் நான் மறுக்கமாட்டேன். தகப்பன் என்று எழுதினாலும் சரி.

பவுடர் இல்லாத கோழி ஒல்லியாகத்தான் இருக்கும். மார்பில் சதை இருக்காது, தோல் வெளிறித் தொங்கும். "ஏங்க, இது கோழியா இல்ல கொக்கா?" என்று மனைவி முதல் வாரமே கேட்டாள். "சாப்பிடு, நல்லது" என்றேன். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் ஏன் மற்றதெல்லாம் நல்லதில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். வேலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது என் கொள்கை. கோழியைக் கொண்டுவரலாம்.

எங்கள் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு தையல்காரம்மா குடியிருக்கிறார். புருஷன் இல்லை. ஒரே பெண். என் மகளும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள் என்பதால் என் மகள் அவளுக்கு வாலு என்று பேர் வைத்தாள். அவளைப் பெற்றவளே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். வாலு என் மனைவியைப் பெரியம்மா என்பாள், என்னைப் பெரியப்பா. பள்ளி விட்டால் பின்கதவு வழியாக இரண்டும் ஒன்றாக வந்து விழும்.

என் மகளுக்கு முதலில் வந்தது ஒரு நீலத் தடம். முழங்காலுக்குக் கீழே, கட்டை விரல் அகலத்துக்கு. "எங்கடி இடிச்சே?" என்று கேட்டேன். "தெரியலையேப்பா" என்றாள். "கண்ணு பிடரியில இருந்தா இப்படித்தான், மேசைக்காலு எல்லாம் இவ காலைத்தான் தேடி வரும்" என்று மனைவி சொன்னாள். சிரித்தோம். பிறகு தொடையில் ஒன்று, முழங்கையில் ஒன்று. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம். மாடிப்படி ஏறி வந்தால் கட்டிலில் சாய்ந்துகொள்வாள். உதடு வெளுத்தது.

பெரிய மருத்துவமனையில் ரத்த நோய்க்கென்று இருந்த டாக்டர், நல்ல மனுஷி, தாளில் எலும்பின் படம் வரைந்து காட்டினார். "ஊத்து வத்திப்போன கிணறு மாதிரி ஆயிருச்சுங்க. வெளியில இருந்து ஊத்தறோம், உள்ள ஊறணுமே" என்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பழைய மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். "இதை எப்பவாவது குடுத்திருக்கீங்களா? காய்ச்சலுக்கு மாத்திரையா, கண்ணுக்குச் சொட்டு மருந்தா, எந்த வழியிலயாவது உடம்புக்குள்ள போயிருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்குள் வந்தது மாப்பிள்ளை ஷெட் கோழி மட்டும். ஊரெல்லாம் எது போனாலும் என் வீட்டு வாசல் சுத்தம். "இல்லை" என்றேன். வாழ்க்கையில் நான் மனப்பூர்வமாகச் சொன்ன ஒரே பரிசோதனை முடிவு அதுதான். உங்கள் வீட்டுக்கும் மற்ற எல்லார் வீட்டுக்கும் அது வாராவாரம் வருகிறது என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்வி அதுவல்ல.

"உடம்புல சத்து இறங்கக் கூடாது. கோழி சூப் வச்சுக் குடுங்க, ஈரல் குடுங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் வாரம் இரண்டு கோழி எடுத்து வந்தேன். மாமனார் நல்லதாகப் பார்த்துப் பிடித்துக் கொடுப்பார். "பாப்பாவுக்குன்னு சொல்லுங்க சார், இவன் தெம்பான பய" என்பார். மகள் சூப்பைக் குடித்தாள். பிடிக்காமல்தான் குடித்தாள், எனக்காக. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள், ஒரு சொட்டு மீதியில்லை என்று.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். செவிலி அவளுடைய கம்மலை ஒரு சின்ன உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள். மனைவி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் அந்தப் பகுதியில் எழுத ஒன்றுமில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு தையல்காரம்மா மட்டும் இருந்தார். இதோ, நீங்கள் கால் நீட்டியிருக்கும் இடத்தில்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். வாலு அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உங்க வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவ எம்பொண்ணு" என்றார். "நான் தச்சு சம்பாதிக்கற லட்சணத்துக்குக் கோழியை எங்க கண்டேன்? வாராவாரம் நீங்க கொண்டு வர்ற கோழியை அக்கா கை படாம அப்படியே சுவரு தாண்டி எனக்குக் குடுத்துருவாங்க. ரெண்டும் ஒண்ணா வளரட்டும்டின்னு சொல்வாங்க. ஒண்ணு போயிருச்சே அண்ணா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் மெதுவாகத்தான் எதையும் புரிந்துகொள்வேன். அவர் போன பிறகு மனைவியிடம் கேட்டேன்.

"ஆமா, குடுத்தேன். இப்ப அதுக்கென்ன?" என்றாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. "எலும்பும் தோலுமா ஒண்ணைக் கொண்டு வந்து போட்டீங்க. கம்பெனியில கழிச்சதை எல்லாம் உங்க தலையில கட்டறாங்க, கேக்க வாயில்லாம வாங்கிட்டு வர்றீங்கன்னு நினைச்சேன். கேட்டா உங்களுக்குச் சுருக்குன்னு ஆயிரும்னு கேக்கல. அதைப் போய் நம்ம பொண்ணுக்கு எப்படிங்க குடுக்கறது? கடையில நல்லா சதைப்பத்தா பார்த்து வாங்கினேன். அவ படுத்த பிறகு இன்னும் ஒசத்தியா வாங்கினேன்." மூக்கைச் சிந்திக்கொண்டு, நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஒன்று சொன்னாள். "வேற கம்பெனிச் சரக்கு இல்லைங்க. உங்க கையெழுத்து இருக்கான்னு திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன்."

கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். சமையலறைக்குக் கேட்கும்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டாள். அவளை இதிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

அந்தக் கோழிதான் காரணமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. காரணமே இல்லாமலும் அந்த நோய் வருமாம். எந்த ஆய்வகத்துக்கு எதை அனுப்பினாலும் இனி அதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. அவ்வளவு நாகரிகமான மருந்து அது. வந்த வழியில் கால் தடம் வைக்காது.

பிறகு வாலு தனியாக வர ஆரம்பித்தாள். பின்கதவு வழியாகத்தான். என் மனைவி மகளுடைய சைக்கிளை அவளுக்குக் கொடுத்தாள், பள்ளிக் காலணிகளையும் கொடுத்தாள். "பெரியப்பா, பிரேக் பிடிக்கல, பார்த்துக் குடுங்க" என்று வந்து நிற்பாள். ஓடி வந்ததில் கன்னம் இரண்டும் ரத்தம் ஏறிச் சிவந்திருக்கும். நான் பிரேக்கைப் பார்ப்பேன், அந்தக் கன்னத்தையும் பார்ப்பேன். என் யோசனையில் கட்டிய ஷெட், என் கையால் தூக்கி வந்த கோழி, என் மகளுக்கென்று நான் தேர்ந்தெடுத்தது. அவ்வளவும் அந்தக் கன்னத்தில் இருந்தது. அந்தப் பெண்மேல் எனக்கு வெறுப்பு இருந்ததாக எழுதிவிடாதீர்கள். அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். முறையாகத் தரம் பார்த்துப் பழகியவனுக்கு ஒரு பிசகு கண்ணில் பட்டால் அதைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

தரம் என்றால் என்ன என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுப்பேன். நல்லது, கெட்டது என்பதல்ல தரம். எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருவதுதான் தரம் என்று சொல்வேன். குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளை ஷெட்டின் தண்ணீர்த் தொட்டியில் பவுடரைக் கலந்தேன். மாமனார் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சார், சார், அது பவுடராச்சே. இது மாப்பிள்ளைங்க தண்ணி சார்."

"தெரியும்."

"நல்லாத்தானே இருக்குதுங்க. இதுங்களுக்கு எதுக்கு சார்?"

"மத்தது எல்லாம் குடிக்குது. இதுக்கு மட்டும் என்ன தனி?" என்றேன்.

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். "அது சரி. இனிமே இவங்களும் வீட்டோட மாப்பிள்ளைதான்னு சொல்லுங்க. போட்டதைத் தின்னுட்டுக் கிடக்க வேண்டியதுதான்" என்றார். சிரித்து முடித்த பிறகும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளும் நான் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. சம்பளம் வாங்குகிறவர்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழி வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. மகள் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் கோழி தொடுவதில்லை. "தையல்காரம்மா பொண்ணுக்குக் குடு, அவளாவது நல்லா இருக்கட்டும்" என்று நான் மனைவியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க" என்றாள். போகப்போகக் கோழிகள் சதை பிடித்தன. ஒருநாள் அவள் ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். "இப்பல்லாம் நல்ல கோழியாக் குடுக்கறாங்களே. நம்ம பொண்ணு இருக்கறப்ப இதைக் குடுத்திருக்கக் கூடாதா, பாவிங்க" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு உங்கள் துறையினர் மாதிரி எடுக்க வந்தார்கள். காரிலிருந்து இறங்கினார்கள், நாலு எட்டு வைத்தார்கள், மாப்பிள்ளைகளின் ஈரலை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். முடிவு வந்ததும் முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "எல்லாத்தையும் விட்டுட்டு அந்த ஷெட்லயாடா?" என்று கத்தினார். வாழ்நாளில் அவர் பேசிய நேர்மையான வாக்கியம் அதுதான்.

பழியை மாமனார்மேல் போட்டார்கள். போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து நான் போய், கலந்தது நான்தான் என்றேன். அவர்மேல் இரக்கப்பட்டு என்று நினைக்க வேண்டாம். மாமனாருக்கு அளவு தெரியாது. கைக்கு வந்ததைக் கொட்டக்கூடிய ஆள். நான் அளந்து போட்டேன், மற்ற ஷெட்டுகளுக்குப் போகும் அதே அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த வேலையை அவர் பேரில் எழுதுவது தப்பு.

நான் சொன்ன மாத்திரத்தில் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஏன் செய்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களே சொல்லிவிட்டார்கள். மகளை இழந்த தகப்பன், உலகுக்கு உண்மையைக் காட்டுவதற்காக, சோதனைக்குப் போகும் கோழியிலேயே மருந்தைக் கலந்து கம்பெனியைக் காட்டிக்கொடுத்தான் என்று. கேட்க அழகாகத்தான் இருந்தது. என்னைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து எடுத்து நீங்கள் சாட்சிக் கூண்டில் வைத்தீர்கள். கேடயக்காரர்கள் வந்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டுமென்று நினைத்தேன். நீங்கள் சீல் வைத்தது மாப்பிள்ளை ஷெட்டுக்கு மட்டும்தானே? தப்பு கண்டுபிடிக்கப்பட்ட ஷெட் அது ஒன்றுதான் என்கிறீர்கள். சட்டப்படி சரி. மற்ற ஷெட்டுகள் நடக்கின்றன, பவுடர் போகிறது, பொட்டலங்கள் கடைக்கு வருகின்றன. என் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிடக் கம்பீரமாக இருக்கிறது. நேற்று கடையில் பார்த்தேன். வாயிலுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஷெட்டுக்கு அடித்தளம் தோண்டுகிறார்களாம். சோபா பழையதே போதுமாம்.

சீல் வைப்பதற்கு முந்தின நாள் நான் கோழிகள் சிலதைப் பிடித்து வந்துவிட்டேன். எங்கள் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் முழுக்க அதுதான். இந்த விஷயத்தைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் வியாழக்கிழமை வாலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குனிந்து செயினை மாட்டிக்கொண்டிருந்த எனக்கு அவள் கால் கண்ணுக்கு நேரே இருந்தது. முழங்காலுக்குக் கீழே, கட்டை விரல் அகலத்துக்கு, நீலமாக. "எங்கம்மா இடிச்சே?" என்று கேட்டேன். "தெரியலையே பெரியப்பா" என்றாள்.

சைக்கிள் ஓட்டும் பெண், விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். பவுடரோடு பழகிய எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நோய்க்கு முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு அவள் அம்மா, யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், இல்லை என்றுதான் சொல்லுவார்.

பேனாவை வைத்துவிட்டீர்களே.

நீங்கள் சொல்வது புரிகிறது. "புள்ளையைப் பறிகொடுத்த வேதனையில உங்களையே நீங்க குத்திக்கிட்டுப் பேசறீங்க சார்" என்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அதனால் புரிகிறது என்கிறீர்கள். நல்லது. "இதெல்லாம் ரெக்கார்டுல ஏறினா கம்பெனி வக்கீல் பிச்சு உதறிருவார், கேஸ் நிக்காது, முதல் பாதி போதும்" என்கிறீர்கள். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லி வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்பதும் ஒரு யோசனைதான். நான் சொல்லாமல் இருந்ததற்கும் அதுவேதான் காரணம். பெரியவர்கள் ஒரே மாதிரி யோசிக்கிறோம்.

இதை இரண்டாவது முறையாகச் சொல்கிறேன், நீங்கள் முதல் ஆள் இல்லை. நுகர்வோர் சங்கத்துக்காரர்களிடமும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இவ்வளவு அடக்கமா என்றார்கள்.

சத்தம் நின்றுவிட்டது. கவனித்தீர்களா? கத்தியோடு போராடி ஒருவழியாக முடித்துவிட்டாள். தையல்காரம்மாவுக்குத் தையல் வேலை அதிகமாம், வெட்ட நேரமில்லையாம், அதனால் இப்போதெல்லாம் இவளே துண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறாள். ஈரலைத் தனியாக எடுத்து வைப்பாள். வாலுக்கு ஈரல்தான் பிடிக்கும்.

அது பின்கதவு. வேறொன்றுமில்லை.

சரி, நீங்கள் சொல்கிறபடியே முதல் பாதியோடு முடித்துக்கொள்வோம். எங்கே, கீழே இந்தக் கோட்டின்மேலா? பேனாவைக் கொடுங்கள். சுழியைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள், என் மகள் தேர்ந்தெடுத்தது. என் கையெழுத்து இருந்தால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். என் மனைவியே திருப்பிப் பார்த்து இதை நம்பித்தான் வாங்கினாள்.